சிறு நகர மராத்தான்: ஓடப்போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சிறு நகரங்களில் நடக்கும் மராத்தான்களில் இதுவரை ஆறு முறை முழுத்தூரம் ஓடியிருக்கிறேன், இரண்டு முறை தண்ணீர் மேசைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். முதல் தடவை ஓடப்போகிறவர்கள் கேட்பதும், ஓடிவிட்டு வந்தவர்கள் குழம்பிப்போய்க் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகப் பதில் எழுதும்போது யாராவது ஒருவருக்கு முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறேன், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

எங்க ஆபீஸ்ல 5 கிலோமீட்டர் ஓட்டத்தையும் மராத்தான்னுதான் சொல்றாங்க. உண்மையில எவ்வளவு தூரம்?

42.195 கிலோமீட்டர். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான் ஓடினார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிகிற மாதிரி பாதை போட்டார்கள். அந்த நீளத்தைத்தான் 1921இல் எல்லோருக்கும் பொதுவான அளவாக வைத்தார்கள். இதில் பாதி, அதாவது 21 கிலோமீட்டரும் கொஞ்சமும், அரை மராத்தான்.

சின்ன ஊர்களில் 5, 10, 21, 42 எல்லாமே ஒரே காலையில், பாதி ஒரே பாதையில் நடக்கும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்தான் இருக்கும். பதிவு செய்யும்போது எந்தத் தூரத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள். 10 என்று நினைத்து 21க்குப் பணம் கட்டியவரை எனக்குத் தெரியும்.

பெரிய நகரத்துல ஓடறதுக்கும் இங்க ஓடறதுக்கும் என்ன வித்தியாசம்? தூரம் ஒண்ணுதானே?

தூரம் ஒன்றுதான், மற்ற எல்லாமே மாறும். பெரிய மராத்தானில் பல ஆயிரம் பேர், தொடக்கக் கோட்டைத் தாண்டவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், முதல் சில கிலோமீட்டர் அடுத்தவர் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஓடவேண்டும். இங்கே துப்பாக்கிச் சத்தம் கேட்டு அரை நிமிடத்தில் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள், உங்கள் வேகத்துக்கு உடனே போய்விடலாம். தொடங்குவதற்கு இருபது நிமிடம் முன்னால் வந்தால்கூட சமாளித்துவிடலாம், கழிப்பறை வரிசையும் நகரும்.

ஆனால் சாலையை முழுதாக மூடமாட்டார்கள். ஓரத்தில் கூம்பு வைத்து ஒரு பக்கம் மட்டும் கொடுப்பார்கள், நேரம் ஆக ஆக வண்டிகள் கூடும். பேசர் (குறிப்பிட்ட நேரத்தில் முடிக்க வேகம் பிடித்துத் தருபவர்) அரை மராத்தானுக்கு மட்டும் இருப்பார், முழுத்தூரத்துக்கு இல்லாமல் போகலாம். வேடிக்கை பார்க்க நிற்பவர்களும் சொற்பம். இதில் எது உங்களைப் பாதிக்கும் என்பதை ஆறாவது கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன், இங்கே ஓடுகிறவர்களுக்கு உண்மையான கஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

நான் ரொம்ப மெதுவா ஓடுவேன். பாதியில வண்டியில ஏத்திருவாங்களா?

கட்-ஆஃப் நேரம் (ஓட்டத்தை முடிக்க நடத்துகிறவர்கள் கொடுக்கும் அதிகபட்ச நேரம்) எவ்வளவு என்று முதலில் பாருங்கள். 6 மணி நேரம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 32 விநாடி சராசரி, 5 மணி நேரம் என்றால் 7 நிமிடம் 7 விநாடி. கழிப்பறைக்கு நின்றது, தண்ணீருக்கு நின்றது, ஷூ கயிறு கட்டியது எல்லாம் இதற்குள்தான். 8:32க்குப் பயிற்சி செய்துவிட்டு 6 மணி நேரத்தில் முடிப்பேன் என்று கணக்குப் போட்டால் இடிக்கும். பயிற்சியில் 8 நிமிடத்துக்குள் நிதானமாக வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, இடைநிலைக் கட்-ஆஃப் இருக்கிறதா என்று கேளுங்கள். பாதி வழியையோ 30ஆவது கிலோமீட்டரையோ குறிப்பிட்ட நேரத்துக்குள் தாண்டவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள், இது அறிவிப்பில் ஒரு வரியாகத்தான் இருக்கும். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வண்டி மெதுவாக வரும். அதைத் திரும்பிப் பார்த்தாலே சிலருக்குப் பதற்றம். அது உங்களை விரட்ட வரவில்லை, தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். கடைசியாக வருவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முதலில் வந்தவர் இரண்டரை மணி நேரம் வெயிலில் இருந்தார் என்றால் கடைசியாக வந்தவர் ஆறு மணி நேரம் இருந்திருக்கிறார்.

காலையில கிளம்பும்போது என்னென்ன பார்த்துக்கணும்?

புதிதாக எதையும் செய்யாதீர்கள், அவ்வளவுதான். நீளமான பயிற்சி ஓட்டத்துக்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்களோ அதையே இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பிடுங்கள். பிப்பை (நெஞ்சில் குத்தும் எண் அட்டை) முந்தின இரவே பனியனில் நான்கு ஊக்கு போட்டுக் குத்தி, அதன் பின்பக்கத்தில் இரத்த வகை, வீட்டு எண், ஒவ்வாமை ஏதாவது இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். டைமிங் சிப் (உங்கள் நேரத்தைப் பதிவு செய்யும் சில்லு) பெரும்பாலும் அதிலேயே ஒட்டியிருக்கும், மடிக்கக்கூடாது.

தொடை இடுக்கு, அக்குள், பனியன் உரசும் இடம், ஆண்களுக்கு மார்புக் காம்பு, இங்கெல்லாம் வாஸ்லின். 10 கிலோமீட்டரில் ஒன்றும் தெரியாது, 35இல் தோல் உரிந்து, வீட்டில் குளிக்கத் தண்ணீர் ஊற்றும்போது கத்துவீர்கள்.

வெறுங்காலோட ஓடி ஒலிம்பிக்ல ஜெயிச்சிருக்காங்களே, அப்புறம் ஷூ எதுக்கு?

அபேபே பிகிலா. 1960 ரோமில் வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஜெயித்தார். ஆனால் அவர் வெறுங்காலில் ஓடிப் பழகியவர், அந்தப் பாதம் அப்படி உரமேறியிருந்தது. அடுத்த ஒலிம்பிக்கில், 1964 டோக்கியோவில், ஷூ போட்டுக்கொண்டுதான் 2:12:11இல் மறுபடியும் ஜெயித்தார். நீங்களும் எதில் பழகினீர்களோ அதில் ஓடுங்கள். நூறு கிலோமீட்டராவது ஓடிப் பழகிய ஷூ என்றால் நல்லது. விரலுக்கு முன்னால் அரை விரற்கடை இடம் வேண்டும், கால் வீங்கும். இல்லையென்றால் நகம் கறுத்து விழும்.

21 வரைக்கும் நல்ல கூட்டம், அப்புறம் திடீர்னு ஆளே இல்ல. நான்தான் வழி தப்பிட்டேனோன்னு பயந்துட்டேன். இது எல்லாருக்கும் நடக்குமா?

நடக்கும். சின்ன ஊரில் மராத்தான் ஓடியவர் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார். அரை மராத்தானுக்கு ஐந்நூறு பேர் வருவார்கள், முழுத்தூரத்துக்கு நூறு பேர் வந்தால் பெரிது. 21இல் அவர்கள் எல்லோரும் வலதுபக்கம் திரும்பிப் பதக்கம் வாங்கப் போய்விடுவார்கள், நீங்கள் மட்டும் இடதுபக்கம். என் முதல் மராத்தானில் அந்தத் திருப்பத்தில் ஒலிபெருக்கி, கைதட்டல், பாட்டு எல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தது, முந்நூறு மீட்டர் தாண்டியதும் சுத்தமாக நின்றுபோனது. அதன் பிறகு எனக்குக் கேட்டது என் ஷூ தரையில் படும் சத்தமும், பிப்பின் ஒரு மூலை ஊக்கு கழன்று காற்றில் படபடத்ததும்தான். முன்னால் ஒரு மஞ்சள் பனியன், இருநூறு மீட்டர் தள்ளி. அது ஒரு வளைவில் மறைந்ததும் எனக்கு அடிவயிற்றில் ஏதோ கழன்ற மாதிரி இருந்தது.

உடம்பு அப்போது நன்றாகத்தான் இருந்தது. அதுவரை கூட்டத்தின் வேகத்தை இரவல் வாங்கி ஓடியிருக்கிறோம், அது போனதும் நம் வேகம் எது என்றே தெரியவில்லை. அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன், முதல் பாதியில் அரை மராத்தான் ஓடுகிறவர்களோடு ஓடாதீர்கள். அவர்களுக்கு அது கடைசி ஐந்து கிலோமீட்டர், உங்களுக்குப் பாதிகூட முடியவில்லை. பயிற்சியிலேயே நீளமான ஓட்டங்களில் இரண்டையாவது தனியாக, பாட்டு இல்லாமல், ஆள் இல்லாத சாலையில் ஓடிப் பாருங்கள். கால் பழகுவது போலவே மனதும் இதற்குப் பழகும்.

முடிந்தால் அந்த மஞ்சள் பனியனைப் பிடியுங்கள், நிஜமாகவே சொல்கிறேன். இருநூறு மீட்டரை ஐந்து கிலோமீட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பக்கத்தில் போனதும் “எவ்வளவு நேரத்துல முடிக்கப் பாக்குறீங்க?” என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டு, அவரும் நானும் 26இலிருந்து 38 வரைக்கும் ஒன்றாக ஓடினோம், பேசியது பத்து வாக்கியம்கூட இருக்காது. தனியாக ஓட அச்சமாக இருக்கிறது என்று பெண்கள் கேட்டால் அவர்களுக்கும் இதையே சொல்வேன், கூடவே, காலி சாலைப் பகுதியில் எத்தனை தன்னார்வலர்கள், எவ்வளவு இடைவெளியில் நிற்பார்கள் என்று நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லை என்றால் அந்த ஓட்டத்தை விட்டுவிடலாம்.

30 தாண்டினதும் கால் சிமெண்ட் மாதிரி ஆயிடுச்சு. பயிற்சி பத்தலையா?

பயிற்சியும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் எரிபொருள் தீர்ந்துவிட்டது. தசையிலும் கல்லீரலிலும் சர்க்கரை கிளைகோஜன் என்ற வடிவத்தில் சேர்ந்திருக்கும், சுமார் 2000 கலோரி. ஓட உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி வேண்டும், அப்படியானால் 60 கிலோ உள்ளவருக்கு மொத்தத் தூரத்துக்கும் 2500 கலோரி. பற்றாக்குறை 30, 32 பக்கம் தலைகாட்டும். உடம்பில் கொழுப்பு எக்கச்சக்கமாக இருக்கும், ஆனால் அது எரிவது மெதுவாக, அதனால் வேகம் விழும். வேகமாகத் தொடங்கினால் சர்க்கரை இன்னும் சீக்கிரம் கரையும், போன பதிலில் சொன்ன இரவல் வேகத்துக்கு இங்கேதான் வட்டி கட்டுகிறோம்.

மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போகவேண்டும், முதல் 40 நிமிடத்திலிருந்தே. பசித்த பிறகு சாப்பிட்டால் நேரம் கடந்துவிட்டது. ஜெல் (சின்னப் பாக்கெட்டில் வரும் இனிப்புக் கூழ்), வாழைப்பழம், இனிப்புத் தண்ணீர், எதுவானாலும் வயிற்றுக்குப் பழகியதாக இருக்கட்டும். சின்ன ஓட்டங்களில் பின்னால் வருகிறவர்களுக்கு மேசையில் பழம் தீர்ந்துபோவது சகஜம், உங்களுக்கு வேண்டியதை நீங்களே இடுப்புப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

தண்ணி எவ்வளவு குடிக்கணும்? ஒவ்வொரு மேசையிலயும் ரெண்டு கப் குடிச்சேன், ஆனாலும் தலை சுத்திச்சு.

ஒருவேளை அதிகம் குடித்ததால்தான் சுற்றியிருக்கும். தேவைக்கு மேல் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், தலைவலி, வாந்தி, குழப்பம் வரும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் இரத்தத்தை முடிவில் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களுக்கும் 4 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும் இது அதிகம். மெதுவாக ஓடுகிறவர்தான் எல்லா மேசையிலும் நின்று குடிக்கிறார், வியர்வையும் அவருக்குக் குறைவு.

தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்கவில்லை என்றால் மேசையைப் பார்த்ததற்காகக் குடிக்காதீர்கள். வெயில் ஏறினால் ஒரு கப்பைக் குடித்துவிட்டு இன்னொன்றைத் தலையிலும் பின்கழுத்திலும் ஊற்றிக்கொள்ளுங்கள்.

எப்ப நிறுத்திடணும்? வலி இருந்தாலும் ஓடணும்னு எல்லாரும் சொல்றாங்களே.

எல்லோரும் சொல்வதைக் கேட்காதீர்கள். தொடை இறுகுவது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது, கொப்புளம், இவற்றோடு நடந்தாவது முடிக்கலாம். நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, மயக்கம் வருகிற மாதிரி இருப்பது, ஒரே இடத்தில் குத்தி அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் கூடிக்கொண்டே போகும் எலும்பு வலி, இதில் எது வந்தாலும் அங்கேயே நின்று உதவி கேளுங்கள்.

வெப்ப மயக்கத்தில் ஆபத்து என்னவென்றால் அது வந்தவருக்கே தெரியாது. தள்ளாடுவார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார், வியர்த்துக்கொண்டும் இருப்பார். அப்படி ஒருவரைப் பார்த்தால் உங்கள் நேரத்தை மறந்துவிட்டு அவரை நிழலில் உட்காரவைத்து மருத்துவ உதவிக்குச் சொல்லி அனுப்புங்கள், அது வரும்வரை குளிர்ந்த தண்ணீரும் ஐஸும் கிடைத்த அளவு உடம்பு முழுக்க ஊற்றுங்கள். முதலில் குளிரவைப்பது, அப்புறம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவது. பெரிய ஓட்டத்தில் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்க இடமுண்டு. இங்கே அந்தச் சாலையில் அவரைத் தாண்டிப் போகிறவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம்.

என் வாட்ச் 42.7 காட்டுது. பாதையை நீளமா போட்டுட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. முறையாக அளக்கும்போது, சக்கரச் சுற்றை எண்ணும் கருவி பொருத்திய மிதிவண்டியில், வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 42 மீட்டர், கூட்டியும் வைப்பார்கள். நாம் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை, வளைவில் வெளிப்பக்கமாகப் போவோம், மேசைக்காகச் சாலையைக் குறுக்கே கடப்போம். ஜிபிஎஸ் பிழையும் சேர்ந்து 300, 500 மீட்டர் கூடும். எல்லோருடைய வாட்சும் 42க்குக் கீழே காட்டியது என்றால் மட்டும் சந்தேகப்படுங்கள், அந்தப் பாதையை யார் அளந்தார்கள் என்று கேளுங்கள்.

ரிசல்ட்ல ரெண்டு நேரம் போட்டிருக்கு, எது என்னுடையது?

இரண்டும். துப்பாக்கி சுட்டதிலிருந்து ஒன்று, நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து இன்னொன்று. முன்னால் வந்தவர்களின் வரிசையைப் பெரும்பாலும் முதலாவதை வைத்து முடிவு செய்வார்கள், நீங்கள் நண்பர்களிடம் சொல்லவேண்டியது இரண்டாவது. சின்ன ஊரில் இரண்டுக்கும் சில விநாடிதான் வித்தியாசம்.

ஒரு திருப்பத்துல யாரும் நிக்கல, நேரா போயிட்டேன். திரும்பி வந்து சேர்ந்தப்ப ரெண்டு கிலோமீட்டர் குறைவா ஓடியிருக்கேன். பதக்கம் குடுத்துட்டாங்க. என்ன பண்றது?

இதைக் கேட்டவர் மூன்று நாள் தூங்கவில்லை என்றார், அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. நடத்துகிறவர்களுக்கு எழுதி, முடிவுப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். பதக்கத்தை வைத்துக்கொள்வது உங்கள் இஷ்டம், நேரத்தை வைத்துக்கொள்ளக் கூடாது, அது உங்களுக்குப் பின்னால் முழுத்தூரமும் ஓடி வந்தவருடைய இடம். எனக்கும் ஒருமுறை 27இல் ஒரு ரவுண்டானாவில் இதே நடந்தது, நான் மாட்டியது எதிர்ப்பக்கம், ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினேன். மிதிவண்டியில் வந்த ஒரு பையன்தான் கத்திக் கூப்பிட்டான்.

திருப்பத்தில் ஆள் நிற்கவைக்காதது நடத்துகிறவர்கள் தவறுதான், அதைக் கோபமில்லாமல் இடத்தோடும் நேரத்தோடும் எழுதிக் கொடுங்கள், அடுத்த வருடம் சரியாகும். ஆனால் பாதையைத் தெரிந்துவைத்திருப்பது ஓடுகிறவர் பொறுப்பு என்பதுதான் பொதுவான விதி. 21க்குப் பிறகு வரும் திருப்பங்களை மட்டும் ஒரு சிறு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், முன்னால் ஆள் இல்லாத இடங்கள் அவைதான்.

என் வயசுப் பிரிவுல மொத்தமே மூணு பேர். நான் மூணாவது. மேடையேறி வாங்க கூச்சமா இருக்கு.

ஏறி வாங்குங்கள். 42 கிலோமீட்டர் ஓட மூன்று பேர்தான் வந்தார்கள் என்றால் அந்த மூன்று பேரில் நீங்கள் ஒருவர். மற்றவர்கள் வராததற்கு நீங்கள் ஏன் கூச்சப்படவேண்டும்?

முடிச்ச ரெண்டு நாள் கழிச்சு காரணமே இல்லாம மனசு வெறுமையா இருக்கு. இது இயல்பா?

இயல்புதான், நான்கைந்து மாதம் ஒரே தேதியைப் பார்த்து வாழ்ந்திருக்கிறீர்கள். தொடை வலியில் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கும் நிலைமை நான்கைந்து நாளில் சரியாகும், மனதுக்கு இன்னும் கொஞ்சம் ஆகலாம். முதல் வாரம் நடை மட்டும், அப்புறம் மெதுவாக ஓட்டம். அந்த வெறுமையில் உடனே அடுத்த மராத்தானுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள், மூன்று வாரம் கழித்து யோசியுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இந்த வருஷம் ஓடல, ஆனா உதவியா இருக்கணும்னு ஆசை. எங்க நிக்கறது?

35ஆவது கிலோமீட்டர் மேசையைக் கேட்டு வாங்குங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் நிற்க எல்லோரும் வருவார்கள், அங்கே நிற்க ஆள் கிடைப்பதில்லை. கப்பில் பாதிதான் ஊற்றவேண்டும், அடிப்பக்கத்தைப் பிடித்து நீட்டினால் அவர் வாயோரத்தைக் கிள்ளி எடுத்துக்கொள்வார். பிப்பில் பெயர் இருந்தால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், அரை மணி நேரமாக மனிதக் குரலே கேட்காமல் வந்திருப்பார். “இன்னும் கொஞ்சம்தான்” என்று சொல்லாதீர்கள், “இன்னும் ஏழு கிலோமீட்டர், அடுத்த தண்ணி ரெண்டரைல” என்று கணக்காகச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் மூளை பிடித்துக்கொள்ளக்கூடியது அதைத்தான்.

அப்புறம், பின்னால் வரும் வண்டி உங்களைத் தாண்டும்வரை மேசையை மடிக்காதீர்கள். நான் நின்ற வருடம் பக்கத்து மேசையைச் சீக்கிரம் எடுத்துவிட்டார்கள். கடைசியாக வந்த அம்மா எங்களிடம் வந்து சேர்ந்தபோது ஐந்து கிலோமீட்டராகத் தண்ணீர் இல்லை. கப்பை வாங்கின கை நடுங்கியது, பாதி சிந்தியது, இன்னொன்று ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, “நீங்க இன்னும் இருக்கீங்களா” என்று மட்டும் கேட்டார், கப்பைக் கூடையில் போட்டுவிட்டு மறுபடி ஓடத் தொடங்கினார்.